ஓடும் நீரில் பென்சிலும் காம்பஸும்: சோலண்டில் நான் வழி பார்க்கும் விதம்

இங்கிலாந்தின் தென்கரையில், சோலண்ட் கடலின் மேற்கு வாயில், ஹர்ஸ்ட் முனையில் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதச் சாயங்காலம், அது எங்கள் படகுக்கு இடப்பக்கம் வந்து நின்றது. அப்புறம் நகரவே இல்லை. என்ஜின் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. படகின் மூக்கில் தண்ணீர் பிளந்து நுரைத்தது, வேகமானி நாலரை நாட் (மணிக்கு நாலரை கடல் மைல்) காட்டியது. ஆனால் விளக்கின் அடியில், கூழாங்கல் கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்துபோன ஒருவர் எங்களைத் தாண்டிப் போய்விட்டார். "அம்மா, நாம போறோமா, நிக்கிறோமா?" என்று என் மகள் கேட்டாள்.

தண்ணீரைப் பொறுத்தவரை போய்க்கொண்டுதான் இருந்தோம். அந்தத் தண்ணீரே எங்களுக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் ஓத அட்டவணையில், அதாவது கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்களின் பட்டியலில், போர்ட்ஸ்மத் துறைமுகத்தின் உச்சநீர் (நீர் மிக உயரும் நேரம்) 11:12 என்று பார்த்தேன். அந்த அட்டவணை சர்வதேச நேரத்தில் அச்சிட்டது. கோடையில் இங்கிலாந்துக் கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும் என்பதால் அதை 12:12 ஆக்கியிருக்க வேண்டும். நான் கூட்டவில்லை. நாலே காலுக்கெல்லாம் நீர் எங்கள் பக்கம் திரும்பிவிடும் என்று நம்பி வந்தோம். அது திரும்பியது ஐந்தே காலுக்கு. படகைத் திருப்பிக்கொண்டு போய் டாட்லண்ட் விரிகுடாவில் நங்கூரம் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதன்பின் அதே என்ஜினில், அதே விளக்கைச் சில நிமிடங்களில் கடந்துவிட்டோம்.

எனக்குச் சொந்த ஊர் மணப்பாடு. தாத்தா கட்டுமரத்தில் போனவர். பெண்பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. சவுத்தாம்ப்டனில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக வேலைக்கு வந்த பிறகுதான், நாற்பது வயதுக்கு மேல், பாய் கட்டவும் சுக்கான் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். இப்போது 26 அடி நீளத்தில் ஒரு பழைய பாய்மரப் படகு வைத்திருக்கிறோம். இங்கே எழுதுவதெல்லாம் அந்தப் படகில் நான் தினமும் செய்வதுதான். படகின் இடத்தை வரைபடத்தில் காட்டும் திரையான ஜி.பி.எஸ். பிளாட்டர் எங்களிடமும் உண்டு, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதை அது சொல்லிவிடும். இன்னும் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் உங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நீங்கள்தான் கணக்குப் போட்டு வைத்திருக்க வேண்டும், அதையும் கரையிலேயே, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து.

சோலண்ட் என்பது இங்கிலாந்தின் தென்கரைக்கும் ஐல் ஆஃப் வைட் தீவுக்கும் நடுவில் சுமார் 20 மைல் நீளத்துக்குக் கிடக்கும் கடல். மணப்பாட்டில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. சவுத்தாம்ப்டனில் பெரிய ஓத நாட்களில் 4 மீட்டர், ஒரு மாடி உயரத்தைவிட அதிகம். அவ்வளவு தண்ணீரும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போக வேண்டும். ஹர்ஸ்ட் முனையில் கால்வாய் குறுகிவிடுவதால் அங்கே பெரிய ஓத நாளில் நீர் 4 நாட்டுக்கு மேல் ஓடும். எங்கள் படகின் வேகம் 5 நாட்.

முதலில் நேரம்

அட்டவணையைத் திறந்ததும் பக்கத்தின் தலைப்பகுதியைப் பாருங்கள். எந்த நேரக் கணக்கில் அச்சிட்டிருக்கிறது என்று அங்கே இருக்கும். சில அட்டவணைகளில் கோடை நேரத்தைச் சேர்த்தே போட்டிருப்பார்கள், சிலவற்றில் இருக்காது. நான் இப்போது ஒரு வெற்றுத்தாளில் உச்சநீர் நேரத்தை எழுதி, பக்கத்தில் "+1" என்றோ "+0" என்றோ போட்டு, கூட்டிய நேரத்தை வட்டமிட்டுவிடுகிறேன். பிறகு என் வீட்டுக்காரர் அட்டவணையைப் பார்த்துச் சத்தமாக வாசிக்க, நான் தாளைப் பார்த்துச் சரிபார்ப்பேன். தியேட்டரில் பஞ்சையும் கத்தரியையும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவோம். ஒருவரே இரண்டு முறை எண்ணினால் தன் தவறையே மறுபடியும் எண்ணுவார்.

அப்புறம் அந்த நேரத்தின் மேலும் கீழும் மணிக்கணக்காக எழுதுங்கள்: உச்சநீருக்கு 6 மணி முன், 5 மணி முன், இப்படி 6 மணி பின் வரை. சோலண்டின் நீரோட்டம் முழுவதையும் போர்ட்ஸ்மத் உச்சநீரை வைத்தே கணக்கிடுகிறார்கள். மேற்குச் சோலண்டில் அந்த உச்சநீருக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பே நீர் மேற்கே ஓடத் தொடங்கிவிடும். உச்சநீருக்குப் பின் சுமார் 5 மணி நேரத்தில் கிழக்கே திரும்பும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீர் உயர்வதும் தாழ்வதும் வேறு, நீர் ஓடும் திசை வேறு. உச்சநீரில் நீரோட்டம் நின்றுவிடும் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். மட்டம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஓட்டம் திரும்பியிருக்கும்.

பெரிய ஓதம் எப்போது, சிறிய ஓதம் எப்போது என்பதற்கு நம் வீட்டுத் தினசரி காலண்டரே போதும். அம்மா வருடா வருடம் ஊரிலிருந்து அனுப்புகிறாள். அமாவாசை, பௌர்ணமி கழிந்து இரண்டு நாளில், துவிதியையை ஒட்டி, இங்கே ஓதம் மிகப் பெரிதாக இருக்கும். அஷ்டமி கழிந்து தசமியை ஒட்டி மிகச் சிறிதாகும். சனிக்கிழமை என்ன திதி என்று பார்த்தாலே அன்றைக்கு ஹர்ஸ்டுக்கு வெளியே போவதா வேண்டாமா என்று பாதி முடிவாகிவிடும். இன்னொன்றும் பழகிக்கொண்டேன்: போர்ட்ஸ்மத்தில் பெரிய ஓத நாட்களின் உச்சநீர் எப்போதும் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டித்தான் வரும். பௌர்ணமியை ஒட்டிய ஒரு நாளில் உச்சநீர் காலை 6 மணி என்று உங்கள் தாளில் இருந்தால், தேதியைத் தவறாகப் பார்த்திருக்கிறீர்கள்.

நீரோட்டப் படங்கள்

பிரிட்டிஷ் கடற்படை வரைபட நிறுவனம் வெளியிடும் நீரோட்டப் படத்தொகுப்பில் சோலண்டுக்கான எண் என்.பி. 337. ஒரு மணிக்கு ஒரு பக்கம், உச்சநீருக்கு 6 மணி முன்னிருந்து 6 மணி பின் வரை. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் அன்றைய கடிகார நேரத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். படகு ஆடும்போது மனக்கணக்குப் போட வேண்டியிருக்காது.

பக்கத்தில் அம்புகளும், அவற்றின் அருகே "19,34" போன்ற எண்களும் இருக்கும். சிறிய ஓதத்தில் 1.9 நாட், பெரிய ஓதத்தில் 3.4 நாட் என்று பொருள். அன்றைய ஓதம் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் விகிதம் பாருங்கள். போர்ட்ஸ்மத்தில் உச்சநீருக்கும் தாழ்நீருக்கும் உள்ள வித்தியாசம் பெரிய ஓதத்தில் சராசரியாக 3.9 மீட்டர், சிறிய ஓதத்தில் 1.9. உங்கள் நாளின் வித்தியாசம் 2.9 என்றால் சரிபாதி, 1.9க்கும் 3.4க்கும் நடுவே ஏறக்குறைய 2.6 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் நுணுக்கம் வேண்டாம், தண்ணீரும் அவ்வளவு துல்லியமாக நடந்துகொள்வதில்லை.

திசையில் எனக்கு ஒரு குழப்பம் வந்தது. வீட்டில் தாத்தா பேசிய பேச்சில் நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர். வாடைப் பக்கத்திலிருந்து (வடக்கு) ஓடிவந்தால் வாநீவாடு, சோழகப் பக்கத்திலிருந்து (தெற்கு) வந்தால் சோநீவாடு. காற்றைப் போலவே நீரையும் வரும் திசையை வைத்துத்தான் சொல்வார்கள். இங்கே வரைபடத்திலும் படத்தொகுப்பிலும் காற்றுக்கு வரும் திசை, நீருக்கோ போகும் திசை. தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வருவது, தென்மேற்கு ஓட்டம் என்றால் தென்மேற்கு நோக்கிப் போவது. இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன என்று அர்த்தம். அப்படி மோதும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். நீடில்ஸ் பாறைகளுக்கு அப்பால், 'பிரிட்ஜ்' என்று சொல்லும் கடலடி மேட்டின் மேல், தென்மேற்குக் காற்றும் வற்றும் நீரும் சேர்ந்தால் நான் போகமாட்டேன். காற்று 5ஆம் எண் விசை என்று வானிலை அறிக்கை சொன்னால் அன்றைக்குத் தீவில் யார்மத் ஊரில் டீயோடு சரி.

முக்கோணம்

இதுதான் முழு வித்தையின் நடுப்பகுதி, இதை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள். லிமிங்டன் ஆற்று முகத்திலிருந்து எதிரே தீவில் இருக்கும் யார்மத்துக்குச் சுமார் 2 கடல் மைல். திசை ஏறக்குறைய 170 டிகிரி, அதாவது தெற்கே கொஞ்சம் கிழக்காக. நீர் 245 டிகிரி நோக்கி 3 நாட்டில் ஓடுகிறது என்று படம் சொல்கிறது. படகின் வேகம் 5 நாட். மூக்கை யார்மத்தை நோக்கி வைத்துவிட்டு 24 நிமிடம் போனால், அந்த 24 நிமிடத்தில் நீர் உங்களை 1.2 மைல் மேற்கே இழுத்துப் போயிருக்கும். யார்மத் தாண்டிப்போய், ஹர்ஸ்ட் குறுகலின் வாயில் நிற்பீர்கள்.

எனவே வரைபடத்தில் லிமிங்டனில் 'அ' என்று ஒரு புள்ளி, யார்மத்தில் 'ஆ' என்று ஒரு புள்ளி வையுங்கள். அ-விலிருந்து ஆ வழியாகக் கோடு போட்டு, ஆ-வைத் தாண்டியும் நீட்டுங்கள். இது நீங்கள் தரைக்கு மேல் போக விரும்பும் பாதை. இதில் இரண்டு அம்புத்தலை போடுவது வழக்கம். அடுத்து அ-விலிருந்தே 245 டிகிரி திசையில் 3 மைல் நீளத்துக்கு இன்னொரு கோடு. ஒரு மணி நேரத்தில் நீர் போகும் தூரம் அது. முனைக்கு 'இ' என்று பெயர் வைத்து, மூன்று அம்புத்தலை போடுங்கள். மைலை வரைபடத்தின் இடது, வலது ஓரத்து அளவுகோலில் அளக்க வேண்டும். அட்சரேகையின் ஒரு கலை, அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல். மேலும் கீழும் இருக்கும் ஓரத்தில் அளந்தால் கணக்கு கெட்டது.

இப்போது கவராயத்தில் 5 மைல் எடுத்து, ஊசியை இ-யில் ஊன்றி, முதலில் போட்ட நீண்ட கோட்டை வெட்டுங்கள். வெட்டிய இடம் 'ஈ'. இ-யிலிருந்து ஈ-க்குக் கோடு போட்டு ஒரு அம்புத்தலை. அந்தக் கோட்டின் திசைதான் நீங்கள் காம்பஸில் பிடிக்க வேண்டியது. அளந்து பார்த்தால் ஏறக்குறைய 135 டிகிரி வரும். யார்மத் 170இல் இருக்க, நீங்கள் 35 டிகிரி கிழக்கே விலகி, யாருமில்லாத கரையைப் பார்த்து மூக்கை வைத்துக்கொண்டு போவீர்கள். அ-விலிருந்து ஈ வரை உள்ள நீளம் தரைக்கு மேல் உங்கள் வேகம்: சுமார் 4.85 நாட். 2 மைலுக்கு 25 நிமிடம்.

புதிதாகப் போடுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, இ-யை ஆ-வோடு சேர்த்துவிடுவது. இலக்கு அங்கே இருப்பதால் பென்சில் தானாக அங்கே போகும். ஆனால் இந்த முக்கோணம் ஒரு மணி நேரத்தின் படம். ஆ அதற்குள்ளே எங்கேயோ இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். கவராயம் எங்கே வெட்டுகிறதோ அங்கேதான் சேர்க்க வேண்டும். நானே முதல் மாதத்தில் நாலைந்து முறை தப்பாகச் சேர்த்தேன்.

இந்தக் கணக்கு உண்மையா என்று பார்க்க லிமிங்டன்–யார்மத் ஃபெர்ரியைக் கவனியுங்கள். பெரிய ஓத நாளில் அது நண்டு மாதிரி பக்கவாட்டாகத்தான் நகரும். மூக்கு ஒரு பக்கம், போகும் வழி இன்னொரு பக்கம்.

தூரம் நீளமானால் வேறு விதம். நீடில்ஸிலிருந்து பிரான்சின் செர்போர்க்குக்கு ஏறக்குறைய 60 மைல், எங்கள் மாதிரிப் படகுக்கு 12 மணி நேரம். நீர் முதலில் ஒரு பக்கம் இழுக்கும், பிறகு மறுபக்கம். நண்பர் படகில் ஒரு முறை போனபோது மணிவாரியாக எல்லா இழுப்பையும் தாளில் கூட்டிக் கழித்து, மிஞ்சியதற்கு மட்டும் ஒரே திருத்தம் வைத்தோம். படகு நேர்கோட்டிலிருந்து பல மைல் விலகிப்போய், பிறகு தானாகவே திரும்பி வந்தது. பிளாட்டரின் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு போனால் ஒவ்வொரு மணியும் நீரோடு சண்டை போட வேண்டும், தூரமும் கூடும். விலக விடுங்கள்.

பாயில் போனால் காற்றும் படகைப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளும். 5 முதல் 10 டிகிரி காற்றின் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் படகு எவ்வளவு சறுக்குகிறது என்பது பின்னால் திரும்பி நுரைத்தடத்தைப் பார்த்தாலே தெரியும்.

கண்ணால் சரிபார்ப்பது

தாளில் போட்டது கணக்கு. கிளம்பிய ஐந்தாவது நிமிடத்தில் அது சரியா என்று கண் சொல்ல வேண்டும். மணப்பாட்டில் மணல்குன்றின் மேல் சிலுவைக் கோயில் இருக்கிறது, முனையில் லைட் ஹவுஸ் இருக்கிறது. தாத்தா இரண்டையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துத்தான் இடம் பார்ப்பார். இங்கேயும் அதே முறைதான். நீங்கள் போகும் திசையில், ஒரே கோட்டில், முன்னால் ஒரு பொருள், பின்னால் தூரத்தில் ஒரு பொருள் தேடுங்கள். ஒரு மிதவையும் அதன் பின்னால் ஒரு வெள்ளை வீடும் போதும். இரண்டும் ஒட்டியே இருந்தால் நீங்கள் கோட்டில்தான் போகிறீர்கள், மூக்கு எந்தப் பக்கம் பார்த்தாலும் கவலையில்லை. பின்னால் இருப்பது வலப்பக்கம் வெளியே வந்தால் நீங்கள் வலப்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறீர்கள். முன்னால் இருக்கும் பொருள் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் திருப்புங்கள். இதற்கு மின்சாரம் வேண்டாம், காம்பஸும் வேண்டாம். எனக்கு ஒரே ஒரு வித்தைதான் அனுமதி என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

மிதவைகளை வாசிக்கப் பழகுங்கள். நடுச் சோலண்டில் ஒரு சிவப்பு மிதவை. நீர் ஓடாத நேரத்தில் அது நேராக நிற்கும், அடியில் பாசி தெரியும். ஓட்டம் பிடித்ததும் அது சாயும். மேல்நீர்ப் பக்கத்தில் தண்ணீர் வீங்கி ஏறும், மறுபக்கம் வால் போல நுரை நீளும். அந்த வால் காட்டுவதுதான் நீர் போகும் திசை. படத்தொகுப்பில் அரை மணி நேரம் முன்னப்பின்ன இருக்கலாம், இந்த வால் தப்பாது. கிட்டப் போய்ப் பார்க்காதீர்கள். நீர் படகை அதன் மேலேயே கொண்டுபோய் வைக்கும்.

நங்கூரத்தில் இருக்கும்போது வேகத்தை நீங்களே அளக்கலாம். ஒரு சருகையோ ரொட்டித் துண்டையோ மூக்கருகே போட்டு, அது பின்பக்கம் வந்து சேர எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். எங்கள் படகு ஏறக்குறைய 8 மீட்டர். 15.5ஐ வினாடியால் வகுத்தால் நாட் கிடைக்கும். 5 வினாடியில் வந்தால் 3 நாட்டுக்குக் கொஞ்சம் மேல்.

இடத்தைக் குறிக்க வேண்டுமென்றால் கையில் பிடிக்கும் காம்பஸால் கரையில் மூன்று பொருட்களின் திசையை எடுத்து வரைபடத்தில் மூன்று கோடு போடுங்கள். மேற்குச் சோலண்டில் ஹர்ஸ்ட் விளக்கும் யார்மத்தின் நீண்ட பியரும் (கடலுக்குள் நீளும் நடைபாலம்) எனக்கு நிரந்தரம். மூன்றாவதாக லிமிங்டன் பக்கம் எது தெளிவாகத் தெரிகிறதோ அது. கோடுகள் ஒரு புள்ளியில் சேராமல் சின்ன முக்கோணமாகும். அதில் ஆபத்துக்குப் பக்கத்திலிருக்கும் மூலையில் நீங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் இருப்பதன் திசை வேகமாக மாறும், எனவே அதைக் கடைசியில் எடுங்கள்.

காம்பஸைப் பற்றி ஒரு வார்த்தை. காந்த வடக்கும் மெய்வடக்கும் வேறு. வித்தியாசத்தை வரைபடத்தின் திசைவட்டத்தில் அச்சிட்டிருப்பார்கள். இந்தப் பகுதியில் இப்போது அது மிகக் குறைவு. 2022 நவம்பரில் மெய்வடக்கு, காந்த வடக்கு, வரைபடக் கட்டங்களின் வடக்கு மூன்றும் இங்கிருந்து மேற்கே டார்செட்டில் லாங்டன் மாட்ராவர்ஸ் என்ற கிராமத்தில் ஒன்றாகச் சேர்ந்தன. வேறு கடலுக்குப் போனால் இந்தச் சலுகை கிடைக்காது, பார்த்துக் கூட்டிக் கழிக்க வேண்டும். படகுக்குள் இருப்பதுதான் இங்கே பெரிய தொந்தரவு. ஒரு நாள் காம்பஸ் திடீரென்று 15 டிகிரி விலகிக் காட்டியது. மகள் தன் ஹெட்போனை அதன் பக்கத்தில் கழற்றி வைத்திருந்தாள். எடுத்ததும் முள் திரும்பி வந்தது.

ஆழம்

வரைபடத்தில் இருக்கும் ஆழம் ஏறக்குறைய மிகத் தாழ்ந்த ஓதத்தின் அளவு. அதோடு அந்த நேரத்து ஓதத்தின் உயரத்தைக் கூட்டினால் கிடைப்பது உண்மையான ஆழம். வரைபடத்தில் 0.8 மீட்டர், ஓதம் 2.1, ஆகவே 2.9. எங்கள் படகு 1.4 மீட்டர் அமிழும். படகின் அடிமுனையான கீலுக்குக் கீழே 1.5 மீட்டர் மிச்சம். அடிக்கோடிட்ட எண் என்றால் அது நீர் வற்றினால் வெளியே தெரியும் தரை. அதைக் கழிக்க வேண்டும். காற்றழுத்தத்தையும் பாருங்கள்: அது 1013லிருந்து ஒரு மில்லிபார் ஏறினால் நீர் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தாழும். அழுத்தம் 1033 இருக்கும் அழகான வெயில் நாளில்தான் 20 சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும்.

இடைப்பட்ட நேரத்து உயரத்துக்குப் பன்னிரண்டில் பங்கு என்ற எளிய கணக்கு உண்டு. ஆறு மணி நேரத்தில் நீர் 1, 2, 3, 3, 2, 1 பங்காக ஏறும். டோவரில் பெரிய ஓதத்துக்கு 6 மீட்டர் வித்தியாசம். அப்படியானால் மணிவாரியாக 0.5, 1, 1.5, 1.5, 1, 0.5. டோவரில் இது கைகொடுக்கும், சோலண்டில் கொடுக்காது. சவுத்தாம்ப்டனில் உச்சநீர் இரண்டு முறை வரும், நடுவில் இரண்டு மணி நேரம் போல நீர் மேலேயே நிற்கும். பிறகு வேகமாக வடியும். தீவின் இரு முனை வழியாகவும் ஏற்றம் நுழைவதால்தான் இரண்டு உச்சம் என்று படகுத்துறையில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையான காரணம் ஆங்கிலக் கால்வாயின் ஆழமில்லாத நீரில் ஓத அலையின் வடிவம் கலைந்துபோவது. ஆகவே இந்தத் தென்கரையில் ஸ்வானேஜிலிருந்து செல்ஸி வரை அட்டவணையில் தனி வளைகோடு கொடுத்திருப்பார்கள். அது உச்சநீரை விட்டுத் தாழ்நீர் நேரத்தை ஆதாரமாக வைத்தது. அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

தீவின் கௌஸ் ஊருக்கு எதிரே பிராம்பிள் மணல்திட்டு நடுக்கடலில் எழும்பும். வருடத்தில் ஒரு நாள், நீர் மிகத் தாழும்போது, இரண்டு படகுக் கிளப்புகள் அதன் மேல் கிரிக்கெட் ஆடுகின்றன. மற்ற நாட்களில் அதே மணலின் மேல் தண்ணீர் ஒரு பழுப்பு நிறத்தோடு அமைதியாகத் தெரியும். வற்றும் நீரில் அதன் அருகே குறுக்குவழி பார்க்காதீர்கள். ஏறும் நீரில் தரை தட்டினால் பத்து நிமிடத்தில் மிதப்பீர்கள், வற்றும் நீரில் தட்டினால் அடுத்த ஏற்றம் வரை சாய்ந்து கிடக்க வேண்டும்.

மூடுபனி

கடைசியாக இதெல்லாம் ஒன்றுசேர்ந்த ஒரு காலை. நவம்பர், தசமியை ஒட்டிய நாள், யார்மத்திலிருந்து லிமிங்டனுக்குத் திரும்பினோம். கிளம்பும்போதே வானம் மங்கல், எனவே வழக்கத்தைவிடக் கவனமாகக் கணக்கு முடித்துத் தாளைப் பாலிதீன் உறைக்குள் போட்டு வைத்தேன். பாதி வழியில் பனி இறங்கி, படகின் மூக்கே மங்கிவிட்டது. சற்று நேரத்தில் பிளாட்டரின் திரையும் அணைந்தது. ஒயர் முனையில் உப்புத் தண்ணீர் இறங்கியிருந்தது.

பனியில் ஆற்று வாயையே குறிவைக்கக் கூடாது. குறி தப்பினால் எந்தப் பக்கம் தப்பியது என்று தெரியாமல் போகும். நான் வேண்டுமென்றே வாய்க்கு 0.3 மைல் கிழக்கே, நீர் வரும் பக்கமாகக் குறிவைத்திருந்தேன். நீர் 245 நோக்கி 1.5 நாட், எங்கள் வேகம் 4. முக்கோணம் சொன்ன திசை 019. வரைபடத்தின் 5 மீட்டர் ஆழக்கோட்டைத் தொட்டதும் இடப்பக்கம் திரும்பினால் வாய் வந்தே தீர வேண்டும், நீரும் அந்தப் பக்கம்தான் கொண்டுபோகும். அன்றைய ஓதம் 2.2 மீட்டர். ஆழமானியின் கண் நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருக்கிறது. 5ஐயும் 2.2ஐயும் கூட்டி 0.5ஐக் கழித்து, 6.7 என்று தாளில் பெரிதாக எழுதியிருந்தேன். வீட்டுக்காரர் ஆழத்தைச் சத்தமாக வாசித்தார், மகள் முன்னால் நின்று ஃபெர்ரியின் சங்கு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள், நான் காம்பஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆறு நிமிடத்துக்கொரு முறை லாக் புத்தகத்தில் ஒரு வரி எழுதினோம். ஆறு நிமிடம் என்பது மணியில் பத்தில் ஒரு பங்கு. 4 நாட் என்றால் 0.4 மைல், கணக்குச் சுலபம். வேகமானி காட்டுவது நீருக்குள் போன வேகம்தான், எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் நீரின் இழுப்பைச் சேர்த்தே வரைபடத்தில் வைத்தேன்.

ஆற்று வாயில் 'ஜாக் இன் தி பாஸ்கெட்' என்று ஒரு சிவப்புக் கம்பம், உச்சியில் கூடை வைத்தது. முதலில் அந்தக் கூடை மட்டும் பனிக்குள் கறுப்பாகத் தொங்கியது, கம்பம் பிறகுதான் தெரிந்தது. அன்றைய பக்கத்தின் கடைசி வரிகள் மகளின் கையெழுத்தில் இருக்கின்றன:

"9:10 யார்மத் வாயில், திசை 019. 9:42 ஆழம் 6.7, இடப்பக்கம் திரும்பினோம். 9:47 கூடை, வலப்பக்க முன்னால், 40 மீட்டர்."